கேள்வி–பதில்: ஆட்சி கவிழும் கதைகளில் மக்கள் எங்கே?

அறிவியல் புனைகதைகளில் வரும் ஆட்சிக் கவிழ்ப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய சிறு குறிப்புக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வந்தன. அரண்மனைக்குள் நடப்பதை இக்கதைகள் விரிவாகச் சொல்கின்றன; தெருவிலும் வீட்டிலும் இருப்பவர்கள் அதை எப்படி அறிந்தார்கள், என்ன நினைத்தார்கள் என்பதை ஏன் சொல்வதில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். எனவே இம்முறை பக்கம் முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். சில கதைகளின் முடிவை வெளியிடாமல் பதில் எழுத முடியவில்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன்.

கேள்வி: ஒரே இரவில் ஆட்சி கவிழ்ந்ததாகவும், மறுநாள் காலையில் மக்கள் அதை ஏற்றுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டதாகவும் இந்தக் கதைகளில் எழுதுகிறார்கள். கோடிக்கணக்கானவர்கள் அப்படிச் சும்மா இருந்துவிடுவார்களா? இது எழுத்தாளர் தம் வசதிக்காகச் செய்துகொள்ளும் ஏற்பாடுதானே?
— வாசகர், கும்பகோணம்

பதில்: பல கதைகளில் அது வசதிக்கான ஏற்பாடுதான், மறுக்கமாட்டேன். ஆனால் நீங்கள் குறை என்று சொல்லும் அந்த இடத்தையே கதையின் உயிராக மாற்றிய நாவல் ஒன்று இருக்கிறது. கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 1985இல் வெளியிட்ட 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலில், அமெரிக்க ஐக்கிய நாடுகள் இருந்த இடத்தில் கிலியட் என்ற மதவாதக் குடியரசு எழுந்துவிட்டது. அது எழுந்த விதத்தை, பின்னாளில் அடிமை நிலையில் வாழும் ஒரு பெண் நினைவுகூர்கிறாள். ஜனாதிபதியைச் சுட்டுக் கொன்றார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களை இயந்திரத் துப்பாக்கிக்கு இரையாக்கினார்கள். இராணுவம் அவசர நிலையை அறிவித்தது. பழி இஸ்லாமியத் தீவிரவாதிகள் மீது போடப்பட்டது. அரசியல் சட்டம் 'தற்காலிகமாக' நிறுத்தி வைக்கப்பட்டது. ஒரு பெரிய நாட்டின் அரசு முழுவதும் அழிந்துபோன செய்தி சில வரிகளுக்குள் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவள் சொல்வதுதான் உங்கள் கேள்விக்கான பதில்: கலவரம்கூட நடக்கவில்லை, மக்கள் இரவில் வீட்டிலேயே இருந்து, என்ன செய்வதென்று யாராவது சொல்லமாட்டார்களா என்று தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இன்னார்தான் எதிரி என்று விரல் நீட்டிக் காட்டவும் ஆள் இல்லை.

அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை, காத்திருந்தார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அட்வுட் அறிந்திருக்கிறார். அதனால்தான் கவிழ்ப்பின் உண்மையான காட்சியை அவர் தலைநகரில் வைக்காமல் ஒரு பெட்டிக்கடையில் வைக்கிறார். அந்தப் பெண் சிகரெட் வாங்கப் போகிறாள். வழக்கமாகக் கல்லாவில் இருக்கும் பெண்ணைக் காணவில்லை; ஓர் இளைஞன் நிற்கிறான். அவளுடைய கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, அது செல்லாது என்கிறான். கணக்கில் ஆயிரக்கணக்கில் பணம் இருக்கிறதே என்கிறாள். சிவப்பு விளக்கு எரிகிறதே, பார்க்கவில்லையா என்று அவன் பிடிவாதமாகச் சொல்கிறான். அன்றே அவள் வேலை பார்க்கும் நூலகத்திலிருந்து பெண்கள் எல்லாரும் வெளியேற்றப்படுகிறார்கள். பெண்களுடைய கணக்குகள் அனைத்தும் ஒரே வீச்சில் முடக்கப்பட்டன என்பதும், இனி அவர்கள் சொத்து வைத்துக்கொள்ள முடியாது என்பதும் பிறகுதான் தெரிகின்றன. முதன்முறை இந்த நாவலைப் படித்தபோது கடைக் காட்சியை வேகமாகக் கடந்துவிட்டேன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான், சுடப்பட்ட ஜனாதிபதியைவிட அந்தச் சிறு விளக்கு என்னை அதிகம் அச்சுறுத்தியது.

ஊர்வலங்கள் பிறகு நடக்கத்தான் செய்தன. ஆனால் எதிர்பார்த்ததைவிடச் சிறியவையாக இருந்தன. ஊர்வலம் தொடங்கிய உடனேயே சுடுவார்கள் என்பது தெரிந்ததும் அவையும் நின்றன. ஆகவே மக்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்வதைவிட, அவர்கள் விழித்துக்கொள்ள வேண்டிய நேரம் அவர்களிடமிருந்து திருடப்பட்டது என்று சொல்வதே பொருந்தும். மனித வரலாற்றில் எங்கேனும் நடந்திராத எதையும் இந்நாவலில் சேர்க்கவில்லை என்று அட்வுட் பலமுறை கூறியிருப்பதையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: ஆட்சிக் கவிழ்ப்பு, புரட்சி இரண்டும் ஒன்றுதானா? கதைகளில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்களே?
— மாணவி, திருநெல்வேலி

பதில்: ஒன்றல்ல. அரசுக்கு உள்ளே இருப்பவர்கள், அதாவது தளபதியோ அமைச்சரோ காவல்துறைத் தலைவரோ, தம் கையில் ஏற்கெனவே உள்ள அதிகாரத்தைக் கொண்டே மிச்ச அதிகாரத்தையும் பறித்துக்கொண்டால் அது கவிழ்ப்பு. அதிகாரம் இல்லாதவர்கள் திரண்டு வந்து ஆட்சியின் அமைப்பையே மாற்றினால் அது புரட்சி. கதைகளில் இரண்டும் கலப்பதற்குக் காரணம், எந்தக் கவிழ்ப்பாளரும் தம் செயலுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவதில்லை என்பதுதான். 'மீட்பு', 'ஒழுங்கு', 'பாதுகாப்பு' என்றே சொல்வார்கள். கதையில் எந்தப் பாத்திரம் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது என்று குறித்துக்கொண்டே படித்துப் பாருங்கள்.

கேள்வி: எல்லாக் கதைகளிலும் சதிகாரர்கள் முதலில் வானொலி நிலையத்தையோ தொலைக்காட்சி நிலையத்தையோதான் கைப்பற்றுகிறார்கள். ஆயுதக் கிடங்கை விட்டுவிட்டு அங்கே ஏன் போகவேண்டும்?
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், வேலூர்

பதில்: செய்திப் போக்குவரத்தில் பணிபுரிந்தவரிடமிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆயுதக் கிடங்கு ஏற்கெனவே சதிகாரர்களிடம் இருக்கிறது. இல்லாவிட்டால் அவர்கள் தொடங்கியே இருக்கமாட்டார்கள். அவர்களிடம் இல்லாதது ஒன்றுதான்: மற்ற படைப்பிரிவுகளும் அதிகாரிகளும் பொதுமக்களும் 'இவர்கள் வென்றுவிட்டார்கள்' என்று நம்புவது. அந்த நம்பிக்கை பரவிவிட்டால் சண்டையே தேவைப்படாது; பரவாவிட்டால் எத்தனை டாங்கிகள் இருந்தும் பயனில்லை.

இதை மிகத் தெளிவாகப் புரிந்துகொண்ட நாவல், வாஷிங்டன் பத்திரிகையாளர்களான ஃபிளெட்சர் நீபெலும் சார்ல்ஸ் பெய்லியும் சேர்ந்து 1962இல் எழுதிய 'செவன் டேஸ் இன் மே'. விண்கலமோ வேற்றுக்கிரகவாசியோ அதில் கிடையாது. ஆனால் எழுதப்பட்ட நாளிலிருந்து ஒரு பத்தாண்டு முன்னால் சென்று நடக்கும் கதை என்பதால் நம் வட்டத்துக்குள் சேர்த்துக்கொள்கிறேன். சோவியத் ஒன்றியத்துடன் அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் செய்த அமெரிக்க ஜனாதிபதி லைமனுக்கு மக்களிடையே இருந்த ஆதரவு, கருத்துக் கணிப்பில் 29 சதவீதமாக விழுந்துவிடுகிறது. முப்படைத் தலைமைத் தளபதி ஸ்காட் அந்த எண்ணை ஓர் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்கிறார். மக்கள் ஜனாதிபதியைக் கைவிட்டுவிட்டார்கள், ஆகவே தாம் மக்களுக்காகவே செயல்படுகிறோம் என்பது அவருடைய நியாயம். சதியின் கருவி, டெக்சாஸ் மாநிலத்து எல் பாஸோ நகருக்கு அருகில் இரகசியமாக அமைக்கப்பட்ட ஒரு படைப்பிரிவு. நாட்டின் தொலைபேசி, வானொலி, தொலைக்காட்சி இணைப்புகளை நாசவேலையிலிருந்து காப்பது அதன் பணி என்று சொல்லப்படுகிறது. ஆனால் அங்கே காப்பதைவிடக் கைப்பற்றுவதற்கே அதிகப் பயிற்சி தருகிறார்கள் என்று ஓர் அதிகாரி தம் நண்பரிடம் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். முழுச் சதியும் வெளியே வருவதற்கு உதவிய நூல்முனைகளில் அதுவும் ஒன்று.

அந்த நாவல் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டு, 1961 ஏப்ரலில், பிரெஞ்சுத் தளபதிகள் நால்வர், அப்போது பிரான்ஸின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றினார்கள். ஜனாதிபதி டி கோல் இராணுவச் சீருடையில் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் தோன்றி, அவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்று கட்டளையிட்டார். அல்ஜீரியாவில் இருந்த கட்டாய இராணுவச் சேவை இளைஞர்கள் தம் சிறு டிரான்சிஸ்டர்களில் அந்த உரையைக் கேட்டார்கள். தளபதிகள் சொன்னதைச் செய்ய ஆள் இல்லாமல் சில நாட்களுக்குள் கலகம் அடங்கியது. நகரம் முழுவதும் கையில் இருந்தும், சிப்பாயின் சட்டைப்பையில் இருந்த டிரான்சிஸ்டரைத் தளபதிகளால் கைப்பற்ற முடியவில்லை.

நாவலின் முடிவைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. சதி முறியடிக்கப்பட்ட பிறகு, அப்படி ஒரு சதி நடந்தது என்பதையே ஜனாதிபதி மக்களிடம் சொல்லாமல் மறைத்துவிடுகிறார். கொள்கை வேறுபாட்டால் தளபதிகள் பதவி விலகினார்கள் என்பதோடு விஷயம் முடிகிறது. நாட்டின் நம்பிக்கை குலைந்துவிடக் கூடாது என்பது அவர் தரும் காரணம். மக்களாட்சியைக் காப்பாற்றியவர் மக்களுக்கு உண்மை தெரியவேண்டாம் என்று முடிவெடுப்பதை, கதை சரி என்றே காட்டுகிறது. எனக்கு அது சரியாகப்படவில்லை. அடுத்த தளபதி வரும்போது அந்த மக்கள் எதை நினைவில் வைத்துக்கொண்டு எச்சரிக்கையாக இருப்பார்கள்?

கேள்வி: 'பாபிலோன் 5' தொடரில் செய்தி நிறுவனத்தைக் காட்டியிருக்கும் விதத்தைப் பற்றி எழுதுங்கள். என் மகனுடன் சேர்ந்து இப்போதுதான் பார்த்து முடித்தேன்.
— வாசகி, சேலம்

பதில்: உங்கள் மகனுக்கு நல்ல தொடரைத்தான் காட்டியிருக்கிறீர்கள். ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி உருவாக்கி, 1990களின் நடுப்பகுதியில் ஐந்து பருவங்களாக ஒளிபரப்பான இந்தத் தொடர், நான் அறிந்தவரையில் ஒரு கவிழ்ப்பைப் பல ஆண்டுகள் பொறுமையாக வளர்த்துக் காட்டிய ஒரே தொலைக்காட்சிக் கதை. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாபிலோன் 5 என்பது கதை நடக்கும் விண்வெளி நிலையத்தின் பெயர். 2258ஆம் ஆண்டின் இறுதியில் பூமியின் ஜனாதிபதி சாந்தியாகோ சென்ற விண்கலம் வெடித்துச் சிதறுகிறது. உடல்நலமில்லை என்று சொல்லி முன்னதாகவே கலத்திலிருந்து இறங்கிவிட்ட துணை ஜனாதிபதி கிளார்க் பதவியேற்கிறார். அதைக் கொலை என்று சந்தேகிப்பவர்களிடம் நெடுநாள் சான்று இல்லை. சான்று வெளியான பிறகு அவர் பதவி விலகுவதற்குப் பதிலாக இராணுவச் சட்டத்தை அறிவிக்கிறார்.

இந்தப் பல ஆண்டு இடைவெளிக்குள் நடப்பவைதான் எனக்கு முக்கியமாகப்படுகின்றன. 'நைட் வாட்ச்' என்றொரு அமைப்பு தொடங்கப்படுகிறது. அதில் சேருபவர்களுக்குக் கையில் ஒரு பட்டை. வாரம் 50 கிரெடிட் கூடுதல் சம்பளம். அண்டை அயலில் அரசுக்கு எதிராகப் பேசுபவர்களைக் கவனித்துச் சொல்லவேண்டும். பாதுகாப்புப் பணியாளரான ஸாக் ஆலன் அதில் சேர்வது கொள்கைப் பிடிப்பால் அல்ல. எப்படியும் செய்கிற வேலைக்கு மேலும் கொஞ்சம் பணம் வந்தால் நல்லதுதானே என்றுதான். அவன் கெட்டவன் இல்லை. அவனைப் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துதான் கிளார்க்கின் ஆட்சிக்குக் கால்கள் முளைக்கின்றன. பட்டையின் பொருள் அவனுக்குப் புரியும்போது, அதைக் கழற்றுவதற்குத் துணிச்சல் வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது.

செய்தி நிறுவனத்துக்கு வருகிறேன். இராணுவச் சட்டம் வந்த பின், உண்மையைச் சொல்ல முயலும் ஐஎஸ்என் என்ற பூமியின் செய்தி நிலையம் ஒளிபரப்பின் நடுவிலேயே தாக்கப்பட்டு, திரை வெறுமையாகிறது. பலர் இந்தக் காட்சியையே நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கோ, 1997இல் ஒளிபரப்பான 'தி இல்யூஷன் ஆஃப் ட்ரூத்' என்ற பகுதிதான் அதைவிடப் பெரிய சாதனையாகத் தெரிகிறது. அதே நிலையம் மீண்டும் இயங்கத் தொடங்கியிருக்கிறது. இப்போது அது அரசின் குரல். அதன் நிருபர் ஒருவர் விண்வெளி நிலையத்துக்கு வந்து, பொய்களுக்கு நடுவே கொஞ்சம் உண்மையையாவது கடத்திச் செல்ல முடியும் என்று சொல்லிப் பேட்டி எடுக்கிறார். ஒளிபரப்பாகும்போது, பேசியவர்களின் சொற்கள் அவர்களுடையவையாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு முன்னும் பின்னும் வைக்கப்பட்டவை மாறியிருக்கின்றன. சிகிச்சைக்கு வழி கிடைக்கும்வரை உறைநிலையில் பாதுகாக்கப்பட்டவர்கள், வேற்றினக் கலப்புப் பரிசோதனைக்காகக் கடத்தப்பட்டவர்களாகக் காட்டப்படுகிறார்கள். தளபதி ஷெரிடனுக்கு மனநோய் என்று விளக்க ஒரு நிபுணரும் வருகிறார். விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் அந்த நிகழ்ச்சியைப் பேச்சின்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முந்தைய காட்சிகளில் அவர்கள் உண்மையில் என்ன சொன்னார்கள் என்பதைப் பார்த்திருக்கும் நமக்கு எரிச்சல் பொங்குகிறது. பூமியில் இருப்பவர்கள் முந்தைய காட்சிகளைப் பார்க்கவில்லை. அவர்களை ஏமாளிகள் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? நம்மிடம் இருந்த சான்று அவர்களிடம் இல்லை, அவ்வளவுதான். உங்கள் மகனிடம் இந்த ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: அந்த நிகழ்ச்சியை மட்டும் பார்த்திருந்தால் அவன் எந்தப் பக்கம் நின்றிருப்பான்?

கேள்வி: 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் பால்பட்டைன் பேரரசராகும் காட்சியில் எல்லாரும் கைதட்டுகிறார்கள். மக்களே சர்வாதிகாரத்தை வரவேற்கிறார்கள் என்பதுதானே அதன் செய்தி?
— வாசகர், ஈரோடு

பதில்: கைதட்டுபவர்கள் மக்கள் அல்லர், செனட் உறுப்பினர்கள். 2005இல் வெளியான 'ரிவெஞ்ச் ஆஃப் த சித்' படத்தில், ஜெடாய் வீரர்கள் தம்மைக் கொல்ல முயன்றார்கள் என்று சிதைந்த முகத்துடன் அவர் உறுப்பினர்களிடம் முறையிடுகிறார். பாதுகாப்பான சமுதாயத்துக்காகக் குடியரசைப் பேரரசாக மாற்றுவதாக அறிவிக்கிறார். சுதந்திரம் இடிமுழக்கமான கரவொலியோடு இறந்துபோகிறது என்று செனட் உறுப்பினர் பத்மே வருந்துவது அந்த மண்டபத்தைப் பார்த்துத்தான். காட்சி வலுவானது, அவருடைய முகக் காயமே சான்றாகிவிடுவது நுட்பமானது. ஆனால் அந்த அறிவிப்பு ஒரு கிரகத்தின் சந்தைத் தெருவில் எப்படிக் கேட்டது, அன்று மாலை யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதைப் படம் நமக்குக் காட்டுவதில்லை. பிரதிநிதிகள் கைதட்டியதை மக்களின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

கேள்வி: பயத்தால் மக்கள் உரிமைகளை விட்டுக்கொடுப்பதை நன்றாகக் காட்டிய கதை எது?
— ஆசிரியை, நாகப்பட்டினம்

பதில்: 1996 ஜனவரியில் 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் இரண்டு பகுதிகளாக வந்த 'ஹோம்ஃப்ரன்ட்', 'பாரடைஸ் லாஸ்ட்' கதையைச் சொல்வேன். எந்த உருவத்தையும் எடுக்கக்கூடிய எதிரிகள் பூமிக்குள் ஊடுருவிவிட்டார்கள் என்ற அச்சம் பரவுகிறது. ஆன்ட்வெர்ப் நகரில் வெடித்த குண்டில் 27 பேர் இறக்கிறார்கள். அட்மிரல் லெய்ட்டன் கூடுதல் அதிகாரம் கேட்கிறார், ஜனாதிபதி தயங்குகிறார். பிறகு பூமி முழுவதும் மின்சாரம் நின்றுபோகிறது. அவசர நிலை அறிவிக்கப்பட்டு, படையினர் தெருக்களில் இறங்குகிறார்கள். மின்சாரத்தை நிறுத்தியவர்கள் லெய்ட்டனின் கட்டளைப்படி செயல்பட்ட பயிற்சி மாணவர்களே என்பது பின்னர் தெரியவருகிறது.

இந்தக் கதையில் நான் மறக்காத இடம் ஒரு சமையலறை. கதாநாயகன் கேப்டன் சிஸ்கோவின் தந்தை நியூ ஆர்லியன்ஸ் நகரில் உணவகம் நடத்துபவர். மனிதரா எதிரியா என்று அறியும் இரத்தப் பரிசோதனைக்கு உட்பட அவர் மறுத்துவிடுகிறார். வாக்குவாதத்தின் நடுவே, காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கையை வெட்டிக்கொள்கிறார். அவர் நிமிர்ந்து பார்க்கும்போது, மகனுடைய கண்கள் கத்தியில் இருக்கும் இரத்தத்தின் மேல் நிற்கின்றன: அது உருமாறுகிறதா என்று மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். பெற்ற தகப்பனின் காயத்துக்குக் கட்டுப் போடுவதற்கு முன் இரத்தத்தைச் சோதிக்கத் தோன்றுகிறதே, அந்த ஒரு கணத்தில் லெய்ட்டன் வென்றுவிட்டார். தெருவில் இறங்கிய படை அதற்குப் பின்னால் வந்தது மட்டுமே. பின்னர் எதிரிகளில் ஒருவன் சிஸ்கோவிடமே வந்து, பூமி முழுவதிலும் நாங்கள் நான்கு பேர்தான் இருக்கிறோம் என்று சொல்லிப் போகிறான்.

கேள்வி: கொடுங்கோலரை வீழ்த்துவதற்காக நல்லவர்கள் மக்களிடம் பொய் சொல்லலாமா? இந்த வகைக் கதைகள் என்ன சொல்கின்றன?
— வாசகர், புதுச்சேரி

பதில்: ஒரே எழுத்தாளர் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார். ராபர்ட் ஹைன்லைனின் 'தி மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்' 1966இல் நூலாக வந்தது. அதில் நிலவில் குடியேறியவர்கள் 2076ஆம் ஆண்டு பூமியிடமிருந்து விடுதலையை அறிவிக்கிறார்கள். அவர்கள் நேசிக்கும் தலைவர் ஆடம் செலீன். திரையில் தோன்றுவார், பேசுவார், ஊக்கம் தருவார். அப்படி ஒரு மனிதர் இல்லவே இல்லை; மைக் என்ற கணினி உருவாக்கிய முகமும் குரலும்தான் அவர். அவர் போரில் இறந்ததாக அறிவிக்கப்படும்போது மக்கள் உண்மையாகவே துக்கம் அனுசரிக்கிறார்கள். புதிய நாடாளுமன்றத் தேர்தலின் வாக்குகளை எண்ணியதும் அதே கணினிதான். கிளர்ச்சித் தலைவர்கள் யாரும் தோற்கவில்லை. கதை விறுவிறுப்பாக ஓடுவதால் இதையெல்லாம் நாம் சிரித்தபடி கடந்துவிடுகிறோம். ஆனால் விடுதலை பெற்ற அந்த மக்கள் தம் விடுதலையின் வரலாற்றை அறியமாட்டார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

அதற்கு முன்பே அவர் 1940இல் எழுதி, பின்னர் விரிவாக்கிய 'இஃப் திஸ் கோஸ் ஆன்' என்ற கதையில், அமெரிக்காவை ஆளும் போலித் தீர்க்கதரிசியின் ஆட்சியைக் கவிழ்க்கக் கிளர்ச்சியாளர்கள் ஒரு பொய் ஒளிபரப்பைப் பயன்படுத்துகிறார்கள். அடுத்த கட்டமாக, மக்களின் மனத்தை உளவியல் முறையில் மாற்றிப் பழக்கிவிடலாம் என்று ஒரு திட்டம் அவைக்கு வருகிறது. அப்போது ஒரு முதியவர் எழுந்து, சுதந்திர மனிதர்களைப் பழக்க முடியாது, அவர்கள் தம் தவறான எண்ணங்களைக்கூடத் தாமே தேடிக்கொள்வார்கள் என்று சீறுகிறார். பேசிய உணர்ச்சி வேகத்திலேயே விழுந்து இறந்துபோகிறார். திட்டம் கைவிடப்படுகிறது. நான் அந்த முதியவரின் பக்கம்.

கேள்வி: தமிழில் இப்படிப்பட்ட கதை இருக்கிறதா?
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: இருக்கிறது. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை நீங்கள் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டிக்காகக் கேள்விப்பட்டிருக்கலாம். அதை ஓர் ஆட்சிக் கவிழ்ப்புக் கதையாக மறுபடி படியுங்கள். எதிர்கால இந்தியாவை ஜீவா என்ற தலைவர் ஆள்கிறார். குடிமக்களின் பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது: நிலா, சிபி, ரவி, மனோ. தலைவர் பெயரும் நாய்க்குட்டியின் பெயரும்கூட அந்த அளவுக்குள்தான் இருக்கின்றன. குழந்தை பெற்றுக்கொள்ளவும் அரசின் அனுமதி வேண்டும். நிலா அந்த அனுமதிச் செய்தியால் மகிழ்கிறாள்; பெற அனுமதி எதற்கு என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஓர் ஆட்சி மக்களின் மனத்துக்குள் எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதை ஒரு பெண்ணின் மகிழ்ச்சியைக் கொண்டே சுஜாதா காட்டிவிடுகிறார்.

ஜீவாவைக் கவிழ்க்க ரவியும் மனோவும் திட்டமிடுகிறார்கள். இறுதியில் ஜீவா என்று ஒருவர் இல்லை, மக்கள் கண்டதெல்லாம் முப்பரிமாண ஒளிப்பிம்பம் என்பது வெளிப்படுகிறது. கதை அங்கே முடிந்திருந்தால் அது ஒரு நல்ல திருப்பம் மட்டுமே. ஆனால் சதிகாரர்கள் உண்மையை மக்களிடம் சொல்லிவிட்டு விலகவில்லை. பிம்பம் இருந்த இடத்தில் நிலாவை அமர்த்துகிறார்கள். ஆட்டுவிக்கும் கயிறு அவர்கள் கையில். தொடர்ந்து வந்த 'மீண்டும் ஜீனோ'வில் அந்தக் கயிற்றை அறுப்பதற்கான போராட்டம் விரிகிறது. ஹைன்லைனின் நிலவுக் கதையில் விடுதலைக்குப் பயன்பட்ட பிம்பம் இங்கே அடிமைத்தனத்துக்குப் பயன்படுகிறது. இரண்டிலும் திரைக்கு முன் நிற்கும் மக்களுக்கு வேறுபாடு தெரிய வழியில்லை. வார இதழின் பரபரப்புக்கு நடுவே இவ்வளவு கடுமையான அரசியலைச் சொன்னதற்காக நான் சுஜாதாவை என்றும் மதிப்பேன்.

கேள்வி: நானும் இப்படியொரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கிறது. அப்போது தொலைக்காட்சி நிலையமே இருக்காதே, கவிழ்ப்பு நடந்ததை மக்கள் எப்படி அறிவார்கள் என்று எழுதுவது?
— வாசகி, தூத்துக்குடி

பதில்: கருவியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 1991 ஆகஸ்ட் 19 அன்று மாஸ்கோவில் சோவியத் ஜனாதிபதி கோர்பச்சேவை எதிர்த்த அவசர நிலைக் குழுவினர் அதிகாரத்தைக் கைப்பற்றியபோது, தொலைக்காட்சியில் 'அன்னப்பறவை ஏரி' பாலே நடனத்தைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பினார்கள். சொல்லாமல் விட்டதிலிருந்தே ஏதோ நடந்துவிட்டது என்று மக்கள் புரிந்துகொண்டார்கள். அன்று மாலை நடந்த செய்தியாளர் சந்திப்பில் துணை ஜனாதிபதி யனாயெவின் கைகள் நடுங்குவதைக் கேமரா காட்டியது. படித்த அறிக்கையைவிட அந்தக் கைகள் அதிகம் பேசின. மூன்றாம் நாள் முயற்சி தோற்றது. உங்கள் கதையில் எந்தக் கருவி இருந்தாலும், அதில் வழக்கமாக வருவது ஒன்று அன்று காலை வராமல் போகும். வராதது ஒன்று வரும். அதை முதலில் கவனிப்பவர் அமைச்சராக இருக்க வேண்டாம். தண்ணீர் பிடிக்க எழுந்தவர், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பத் தயாரானவர், இரவுப் பணி முடிந்து திரும்புபவர் என்று யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவருக்கு என்ன தெரியும், எப்போது தெரியும், யாரிடமிருந்து தெரியும் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு தலைநகருக்குப் போங்கள். முதல் அத்தியாயம் முடிந்ததும் அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.